ஈட்டி மரத்துக்கு மாற்று: 2017-க்குப் பின் கிட்டார் பட்டறைகளில் எது நின்றது, எது நிற்கவில்லை

2017 ஜனவரி 2 முதல், ஈட்டி மரத்தில் விரல்பலகை (தந்தியை விரலால் அழுத்தும் பலகை) ஒட்டிய ஒரு கிட்டாரை நாடு விட்டு நாடு விற்க வேண்டுமானால், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் அனுமதிச் சீட்டு கட்டாயம் என்றானது. அதற்கு முந்தைய ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாடு, டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும், அனுமதியோடு மட்டுமே வணிகம் செய்யக்கூடிய இரண்டாம் பட்டியலில் சேர்த்திருந்தது. நம் மலைகளின் ஈட்டி (தோதகத்தி என்றும் சொல்வார்கள்), வட இந்தியாவின் சிசு, மத்திய அமெரிக்காவின் கோகோபோலோ, கிளாரினெட் கடையும் ஆப்பிரிக்க பிளாக்வுட் எல்லாம் இந்தப் பேரினம்தான். பிரேசில் ஈட்டி மட்டும் 1992-லேயே முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. புதிதாக வெட்டிய மரத்தில் அதற்கு வணிகமே கிடையாது.

காட்டைக் காலி செய்தது கிட்டார் அல்ல. 'ஹோங்மு' என்று சீனத்தில் அழைக்கப்படும் விலையுயர்ந்த அறைகலன் சந்தைதான் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்த மரங்களை உறிஞ்சியது. ஒரு கட்டிலுக்குப் போகும் மரத்தில் பல நூறு விரல்பலகை அறுக்கலாம். ஆனால் அறுத்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்த இனம் என்று சுங்கச் சோதனையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பேரினத்தையே சேர்த்தார்கள், வாத்தியக்காரர்களும் வலைக்குள் வந்தார்கள்.

இது முதல் முறையும் அல்ல. 1960-களின் இறுதியில் பிரேசில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் தன் வழக்கமான மாடல்களை இந்திய ஈட்டிக்கு மாற்றியது. அன்று வேறு வழியில்லாமல் வந்த மாற்று மரம்தான் இன்று 'அசல்' என்று எல்லோரும் கேட்கும் மரம். மாற்று மரங்களைப் பற்றி வரும் புகார்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியப் பக்கமும் கதவு முழுதாகத் திறந்திருந்ததில்லை. உருட்டுமரமாகவோ கனமான அறுப்புப் பலகையாகவோ ஈட்டியை ஏற்றுமதி செய்ய முடியாது. தமிழ்நாட்டில் பட்டா நிலத்து மரத்துக்கே 1994-ஆம் ஆண்டின் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2011-ல் கிப்சன் நிறுவனத்தின் ஆலைகளில் அமெரிக்க அதிகாரிகள் சோதனை நடத்தியபோது சிக்கியதில் இந்திய ஈட்டி, கருங்காலி விரல்பலகைத் துண்டுகளும் அடக்கம். அவை முடிந்த உதிரிபாகமா, வெறும் அறுப்பு மரமா, சுங்கப் பட்டியலில் எந்த எண்ணின் கீழ் வரும் என்பதுதான் தகராறு. 2012-ல் நடந்த உடன்பாட்டில் கிப்சன் 3,00,000 டாலர் அபராதம் கட்டியது மடகாஸ்கர் கருங்காலிக்காக. இந்திய மரம் குறித்த வகைப்பாட்டில் தெளிவில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அதை விட்டுவிட்டார்கள்.

2017-ல் பட்டறைகள் செய்த பொதுவான பிழை, 'ஈட்டிக்கு மாற்று எது?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டது. கிட்டாரில் ஈட்டி மூன்று இடங்களில் வருகிறது: விரல்பலகை, தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் பிரிட்ஜ், பின்பலகையும் பக்கப்பலகையும். மூன்றிலும் அது செய்யும் வேலை வெவ்வேறு. ஓர் இடத்துக்குப் பொருந்தும் மரம் இன்னோர் இடத்தில் நிற்காது. கேள்வியைப் பிரித்துக் கேட்டவர்களுக்குப் பதில் சீக்கிரம் கிடைத்தது.

விரல்பலகை

இதுதான் கடினமான இடம். 510 மி.மீ. நீளம், அகன்ற முனையில் 57 மி.மீ., கனம் 6 மி.மீ. சொச்சம். சிறிய துண்டுதான். ஆனால் அதில் இருபது இருபத்திரண்டு இடத்தில் குறுக்கே ரம்பம் போட்டு, சுரங்களைப் பிரிக்கும் பிரெட் கம்பியை அடித்து இறக்கி, மேலே எஃகுத் தந்தியையும் விரல் வியர்வையையும் பல ஆண்டு தாங்கச் சொல்கிறோம். ஆகவே வேண்டியவை நான்கு. தந்தி பள்ளம் போடாத கடினம். பிரெட்டின் பல்லைக் கவ்விப் பிடிக்கும் இறுக்கம். ஈரப்பதம் மாறும்போது அதிகம் நகராத தன்மை. பசை ஒத்துக்கொள்வது. ஒலி இந்தப் பட்டியலில் ஐந்தாவதாகக்கூட வருமா என்பது சந்தேகமே.

இந்திய ஈட்டியின் எண்களை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். காய்ந்த மரத்தின் எடை கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோ. ஜாங்கா கடினம் (எஃகுக் குண்டை மரத்தில் பாதி அழுத்தத் தேவையான விசை) சுமார் 2,440 பவுண்டு. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆரத்திசையில் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி) 2.7 விழுக்காடும், வளையத் திசையில் (ஆண்டு வளையங்களை ஒட்டி) 5.9 விழுக்காடும் சுருங்கும். கடைசி இரண்டு எண்களில்தான் ஈட்டியின் பெருமை இருக்கிறது. இவ்வளவு கனமான மரம் இவ்வளவு குறைவாகச் சுருங்குவது அபூர்வம்.

அந்த எண்ணை வேலைக்கு எடுப்பது எப்படி? மொத்தச் சுருக்கத்தை 30-ஆல் வகுத்தால், மரத்தின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு மாறும்போது எவ்வளவு நகரும் என்பது தோராயமாக வரும். கடலோர ஊரில் 13 விழுக்காடு ஈரத்தில் செய்த கிட்டார், ஹீட்டர் ஓடும் குளிர்நாட்டு அறைக்குப் போனால் 8 விழுக்காட்டுக்கு இறங்கும். ஆரத்திசை அறுப்பு ஈட்டியில், 57 மி.மீ. அகலம் கால் மி.மீ. அளவு சுருங்கும். அதே ஈட்டியைத் தட்டையாக, வளையத் திசையில் அறுத்திருந்தால் அரை மி.மீ.க்கு மேல். தட்டை அறுப்பு வால்நட் என்றால் முக்கால் மி.மீ. கம்பி சுருங்காது, மரம்தான் சுருங்கும். எனவே பிரெட் முனைகள் இரண்டு பக்கமும் வெளியே துருத்தி, கையை இழுத்தால் கீறும். மாற்று மரத்தின் மீது வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான். அதற்குக் காரணம் மரத்தின் இனத்தைவிட அறுப்பின் திசை. எந்த மரமாக இருந்தாலும் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக, குறைந்தது 60 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும்.

சந்தையில் முதலில் பரவியது பாவ் ஃபெரோ. தென் அமெரிக்க மரம், பொலிவியா ஈட்டி என்றும் வியாபாரிகள் விற்பார்கள், ஆனால் டால்பெர்ஜியா அல்ல. 2017-ல் ஃபெண்டர் தன் மெக்சிகோ ஆலைத் தயாரிப்புகளில் ஈட்டியை எடுத்துவிட்டு இதைப் போட்டது. எடை 865 கிலோ, கடினம் 1,960 பவுண்டு, சுருக்கம் ஈட்டியைவிடச் சற்றே கூடுதல். வேலை செய்ய நல்ல மரம், மெருகும் ஏறும். இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று நிறம்: சில துண்டு காபி நிறம், சில துண்டு வெளிறிய தேன் நிறம். ஒரே மாடலில் பத்து கிட்டாரை வரிசையாக மாட்டினால் பத்து நிறம் தெரியும். இன்னொன்று தூசு. இந்த மரத்தின் தூசு தோலில் கடும் ஒவ்வாமையைக் கிளப்புவது நன்கு பதிவான விஷயம். கை, கழுத்து, கண் இமை தடித்துச் சிவக்கும், ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் குறைந்த தூசிலேயே வரும். தூசு உறிஞ்சி, நல்ல முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இதில் உப்புத்தாள் போடக்கூடாது.

அடுத்து வந்ததுதான் நமக்கு வேடிக்கை. ஸ்குவையர், எபிஃபோன் கிட்டார்களின் விவரப் பட்டியலில் 'இந்தியன் லாரல்' என்று ஒரு மரம் தென்பட ஆரம்பித்தது. பெயரைக் கேட்டால் ஏதோ புது மரம் போலிருக்கும். அது நம் கருமருது. முதலைத்தோல் போல வெடித்த பட்டையுடன் நம் இலையுதிர் காடுகளில் நிற்கும் அதே மரம், கட்டட வேலைக்கும் வண்டிக்கும் போனது. எடை 855 கிலோ, கடினம் 2,340 பவுண்டு. தாளில் பார்த்தால் ஈட்டிக்கு இரட்டைப் பிறவி.

தாளில் தெரியாதது மூன்று. கருமருது ஈட்டியைவிடக் கூடுதலாகச் சுருங்கும், காயவைக்கும்போது அவசரப்பட்டால் முகத்தில் நூல் வெடிப்பு விழும். வெடிப்பு உடனே தெரியாது. விரல்பலகையின் மேல்முக வளைவைத் தேய்த்து எண்ணெய் போட்ட பிறகு கறுப்புக் கோடாக எழும்பும். இரண்டாவது, நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னியிருப்பதால் இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கும், மறு பக்கம் சிராயோடு சதையையும் பிய்க்கும். வளைவை இழைப்புளியில் கொண்டுவர முயலாமல், 12 அங்குல வளைவுக் கட்டையில் 80 எண் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துவிடுவதே லாபம். மூன்றாவது, கண்கள் பெரியவை, மரம் வறண்டது. ஈட்டியில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசை இதில் கிடையாது. புதிதாகத் தேய்த்த கருமருது சாம்பல் பூத்த பழுப்பாக, உயிரில்லாமல் இருக்கும். எண்ணெய் போட்டால் கறுக்கும், சில மாதத்தில் மறுபடி வெளிறும்.

நிறத்துக்குச் சாயம் பூசுவதைவிட நல்ல வழி இரும்புக் கறை. கருமருதில் துவர்ப்புச் சத்து இயல்பாகவே உண்டு. அது இரும்போடு சேர்ந்தால் மை கறுப்பாகும். செய்முறை: அரை லிட்டர் வெள்ளை வினிகரில், சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் நீக்கிய மெல்லிய இரும்பு நார் ஒரு உருண்டையைப் போட்டு ஒரு வாரம் விடவும். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வரும். பிறகு பழைய வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டவும். விரல்பலகையை முதலில் வெறும் தண்ணீரில் துடைத்து, நார் எழும்பியதும் காயவைத்து, 320 எண் தாளில் வருடி எடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் கறுத்த பிறகு தேய்க்க வேண்டிவரும், கறுப்பும் போய்விடும். கரைசலைத் தூரிகையில் ஒரே சீராகத் தடவினால் சில நிமிடத்தில் நிறம் மாறும். மேப்பிள், இள மகாகனி போலத் துவர்ப்பு குறைந்த மரத்துக்கு முதல் பூச்சாகக் கடுக்காய்த் தண்ணீர் கொடுக்கலாம். 50 கிராம் பொடியை அரை லிட்டர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்தது. கடுக்காயும் கருமருதும் ஒரே பேரினம் என்பதால் துவர்ப்பு கைக்கு வருவதில் வியப்பில்லை. காய்ந்ததும் இரும்புக் கரைசல், நன்கு உலர்ந்ததும் ஈரத்துணியில் துடைப்பு, அடுத்த நாள் எண்ணெய்.

இதில் சறுக்கும் இடம் வரிசை. கறை மேல்தோலுக்கு மட்டும்தான் இறங்குகிறது. ஆகவே வளைவு தேய்ப்பு முழுதும் முடிந்த பிறகு, பிரெட் அடிப்பதற்கு முன்பு பூச வேண்டும். சிப்பிப் பொட்டு பதித்த பலகை என்றால் இன்னொரு சிக்கல். வினிகர் சிப்பியின் சுண்ணாம்பைத் தின்று பளபளப்பைக் கெடுக்கும். கறைக்குப் பிறகு சிப்பி பதித்தால் மட்டம் தேய்க்கும்போது சுற்றிலும் நிறம் போகும். பிளாஸ்டிக் பொட்டு போடுங்கள், அல்லது பொட்டைப் பக்கவாட்டில் மட்டும் வையுங்கள்.

பிரெட் காடியின் அகலம் மரத்துக்கு மரம் மாற வேண்டும் என்பதையும் பல பட்டறைகள் அடிபட்டுத்தான் கற்றன. கம்பியின் பல் 0.5 மி.மீ. சொச்சம். ஈட்டியில் 0.58 மி.மீ. காடி சரியாகக் கவ்வும். அதே ரம்பத்தில் ஜட்டோபா போல 2,600 பவுண்டைத் தாண்டும் மரத்தில் காடி போட்டால், ஒவ்வொரு பிரெட்டும் ஒரு ஆப்பாக வேலை செய்யும். இருபது ஆப்பும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை, அதாவது நெக்கை, பின்னோக்கி வளைத்துவிடும். நெக்கின் உள்ளே ஓடும் திருகுக் கம்பியான டிரஸ் ராடை முழுக்கத் தளர்த்தியும் நேராகாத நெக் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வால்நட் போல 1,000 பவுண்டு மரத்தில் தலைகீழ்: 0.58 காடியில் கம்பி ஆடும், முனை எழும்பும். அங்கே 0.55-க்கு இறங்க வேண்டும். ஒரு வெட்டுத் துண்டில் மூன்று அகலத்தில் காடி போட்டு, கம்பியை இறக்கி, குறட்டால் இழுத்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

கருங்காலி பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் கருங்காலி மாலை மோகம் ஏறியபின் நல்ல வைரத்தை விரல்பலகைக்குத் தேடுவது வீண். உலகச் சந்தையில் கேமரூன் கருங்காலிதான். யாவுண்டேயில் உள்ள கிரெலிகாம் ஆலையை டெய்லர் நிறுவனமும் ஸ்பெயினின் மாதின்டரும் 2011-ல் வாங்கிய பிறகு ஓர் உண்மை வெளியே வந்தது. முழுக்கறுப்பாக இருக்கும் மரம் பத்தில் ஒன்றுதான், பழுப்புக் கோடு ஓடிய மற்றவற்றை வெட்டிப் பார்த்துவிட்டுக் காட்டிலேயே போட்டு வந்தார்கள். டெய்லர் கோடு போட்ட கருங்காலியையே விலையுயர்ந்த கிட்டார்களிலும் போட ஆரம்பித்தது. வேலைத்தரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இது மாற்று மரம் கண்டுபிடித்ததல்ல, வாங்குபவரின் கண்ணை மாற்றியது. பல இடங்களில் உண்மையான தடையே அந்தக் கண்தான்.

மரமே வேண்டாம் என்போருக்கு ரிச்லைட் இருக்கிறது. காகித அடுக்குகளை பினாலிக் பிசினில் ஊறவைத்து அழுத்திச் சுட்ட பலகை. கிப்சன் 2012 வாக்கில் விலையுயர்ந்த லெஸ் பால் கஸ்டமிலேயே இதைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. பொருளில் குறை சொல்ல எதுவும் இல்லை: சீரானது, நகராது, கறுப்பு மாறாது. ரம்பப் பல்லை மட்டும் வேகமாக மழுக்கும், வெட்டும்போது பிசின் நாற்றம் வரும்.

சீமைக்கருவேலம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. டெக்சஸில் மெஸ்கீட் என்று ஒரு முள்மரம். அங்குள்ள கிட்டார் தச்சர்கள் விரல்பலகைக்கும் பின்பலகைக்கும் அதை எடுக்கிறார்கள். எடையும் கடினமும் இந்திய ஈட்டிக்கு அருகில், கன அளவில் மொத்தச் சுருக்கம் 5 விழுக்காட்டை ஒட்டித்தான். ஈட்டிக்கே 8.5. நகராத தன்மையில் இதற்கு ஈடான மரம் வெகு சில. அந்தப் பேரினத்தின் உடன்பிறப்புதான் ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கையில் கரிமூட்டத்துக்குப் போகும் சீமைக்கருவேலம். வெட்டினால் குறைகூற யாரும் இல்லை. அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவே இருக்கிறது.

தச்சு வேலைக்கு இது ஏன் வரவில்லை என்றால், தண்டு கோணல், குட்டை, கணு மயம். கதவுச் சட்டத்துக்கு வேண்டிய ஏழடி நேர்த்துண்டு கிடைக்காது. விரல்பலகைக்கு 530 மி.மீ. போதும். அடித்தண்டில் 25 செ.மீ. விட்டத்துக்கு மேல் உள்ள, வைரம் பாய்ந்த மரமாகத் தேடினால் இந்த நீளம் அகப்படும்.

வெட்டிய அன்றே இரு முனைக்கும் மெழுகோ பெயின்டோ அடிக்க வேண்டும். மறுநாள் என்றால் முனை வெடிப்பு விரல் நீளத்துக்கு உள்ளே போயிருக்கும். மஞ்சள் வெளிமரத்தை முழுக்கச் சீவி எறியுங்கள். பூச்சி அதைத்தான் முதலில் தேடும், அங்கிருந்து வைரத்துக்கும் வரும். நடுத்தண்டின் குருத்தையும் விலக்கி, 10 மி.மீ. கனத்தில் அறுத்து, 20 மி.மீ. குச்சிகளை 30 செ.மீ. இடைவெளியில் வைத்து நிழலில் அடுக்க வேண்டும். மேலே கனம் ஏற்ற வேண்டும். கோண மரத்தில் உள்ளிழுப்பு அதிகம், கனம் இல்லாவிட்டால் பலகை முறுக்கும். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை மாற்றம் அரை விழுக்காட்டுக்குக் கீழே வந்ததும் ஈரம் கட்டுப்படுத்திய அறைக்கு மாற்றலாம். பத்துத் துண்டில் நான்கைந்து தேறினால் நல்ல அறுவடை. எரிக்கும் விலையில் வாங்கும் மரத்துக்கு இந்தக் கழிவு வலிக்காது. புது நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு, வெளிச்சம் பட்டுச் செம்பழுப்பாகும். சிறுசிறு கணுவையும் பட்டை உள்வாங்கிய இடத்தையும் சயனோஅக்ரிலேட் பசையும் மரத்தூளும் கொண்டு நிரப்பலாம், ஆனால் காடி விழும் கோட்டில் கணு வந்தால் அந்தத் துண்டைத் தள்ளிவிடுங்கள்.

பிரிட்ஜ்

பிரிட்ஜில் பார்க்க வேண்டியது எடையும் பிளவும். ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. தந்தியைப் பிடிக்கும் ஊசிகளின் துளைகள் ஒரே நார் வரிசையில் விழுந்தால், அந்த வரிசையில்தான் பிரிட்ஜ் பிளக்கும். நேர் நார் மரத்தைவிடப் பின்னல் நார் மரம் இங்கே மேல். விரல்பலகையில் தலைவலி தந்த கருமருதின் அதே குணம் இங்கே வரமாகிறது. ஈட்டியில் 27 கிராம் வரும் பிரிட்ஜ், அதே அளவில் வால்நட்டில் 20 கிராம்தான் வரும். எடை குறைந்தால் டாப் (முகப்பலகை) சுலபமாக அசையும், ஓசை சற்று எழும்பும், நிற்கும் நேரம் குறையும். இது குறையா நிறையா என்பது டாப் எவ்வளவு விறைப்பு என்பதைப் பொறுத்தது. பழைய பிரிட்ஜைக் கழற்றி மாற்று மரத்தில் போடுகிறீர்கள் என்றால் எடையை நிறுத்து, முன்னதற்கு 3 கிராமுக்குள் கொண்டுவருவது பத்திரம்.

பின்பலகையும் பக்கப்பலகையும்

வாதம் சூடாக நடப்பது இங்கேதான், ஆதாரம் தெளிவாக இருப்பதும் இங்கேதான். 2018-ல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வுக்காக, ஃபைல்ட் கிட்டார்ஸின் ரோஜர் பக்நால் ஆறு கிட்டார்கள் செய்தார். எல்லாம் ஒரே வடிவம். பின்பலகையும் பக்கமும் மட்டும் பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 வாசிப்பாளர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஒலித்தரத்தில் மரத்துக்கு மரம் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. பெரும் விலையுள்ள பிரேசில் ஈட்டியும், அதன் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் சப்பேலியும் ஏறத்தாழ ஒன்றாக நின்றன.

இதிலிருந்து எந்த மரமும் சரி என்று தாவக்கூடாது. அந்த ஆறும் நன்கு காய்ந்த, நல்ல அறுப்பு மரங்கள், அனுபவமுள்ள கை செய்தவை. நமக்குக் கிடைக்கும் பலகையை முதலில் அளக்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நார் நீளவாக்கில் ஓட, 300 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் என்று ஒரு சட்டம் சீவி எடுங்கள். முனைகளிலிருந்து 67 மி.மீ. தள்ளி இரு இடத்தில் ரப்பர் பட்டையில் தாங்க வைத்து, நடுவில் விரல் கணுவால் தட்டுங்கள். கைபேசியில் ஏதாவது ஒலி அலைவரிசை காட்டும் செயலி போதும். இந்திய ஈட்டி 45 கிராம் எடையில் 255 ஹெர்ட்ஸ் அருகே பேசும். பாவ் ஃபெரோ 47 கிராம், 243. வால்நட் 33 கிராம், 300-ஐ ஒட்டி. எடை குறைந்தும் அலைவரிசை கூடியும் இருந்தால் மரம் தன் எடைக்கு விறைப்பானது, மெல்லியதாக இழைக்க இடம் உண்டு. அலைவரிசை எதிர்பார்த்ததைவிட மிகவும் தாழ்ந்தால் நார் சாய்ந்து ஓடுகிறது அல்லது உள்ளே வெடிப்பு இருக்கிறது. தட்டியபின் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் அதே செயலியில் ஈட்டிச் சட்டத்தோடு ஒப்பிடலாம். ஈட்டி மணிபோல் நிற்கும். மேப்பிள் 'டொக்' என்று அடங்கும்.

வால்நட்டின் விறைப்பும் ஈட்டியின் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றே, எனவே கனத்தை மாற்றாமல் 2.4 மி.மீ.யே வைக்கலாம். பின்பலகை மட்டும் கால் பங்குக்கு மேல் எடை குறையும். ஆனால் சுருக்கம் இரட்டிப்பு. 400 மி.மீ. அகலப் பின்பலகையில், 5 விழுக்காடு ஈரம் மாறினால் ஈட்டி 1.8 மி.மீ. நகரும், வால்நட் 3.7. குறுக்குக் கட்டைகளை ஒட்டும் அறையின் ஈரப்பதத்தை ஈட்டிக்கு 50 விழுக்காடு வைப்பவர்கள் வால்நட்டுக்கு 42–45-க்கு இறக்க வேண்டும். உலர்ந்த நிலையில் ஒட்டிய பலகை பின்பு ஈரம் ஏறி மேலே குவியும், அதைத் தாங்கும். ஈர நிலையில் ஒட்டியது பின்பு காய்ந்து கிழியும்.

உள்ளூரில் பார்க்க வேண்டியவை வேங்கை, வாகை, மகாகனி. வேங்கையின் வைரம் தண்ணீர் பட்டால் சாயம் விடும். பக்கப்பலகையை நனைத்து வளைக்கும்போது அந்தச் சாயம் வெள்ளை விளிம்புப் பட்டையில் ஏறினால் போகாது. தண்ணீரைக் குறைத்துச் சூட்டை நம்புங்கள், விளிம்பைக் கடைசியில் ஒட்டுங்கள். மகாகனிக்கு ஒரு சாதகம்: பெரிய இலை மகாகனியில் சைட்டிஸ் பட்டியலில் இருப்பது அமெரிக்கக் கண்டத்து இயற்கைப் பரப்பின் மரம்தான், நம் வயல்களில் நட்டு வளர்த்தது அதில் வராது. பதினைந்து ஆண்டில் வெட்டிய மரம் இலேசாக, பஞ்சுபோல இருக்கும். மேலே சொன்ன தட்டுச் சோதனையில் அது உடனே தெரிந்துவிடும்.

பசை

எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை இழைத்த அரை மணிக்குள் ஒட்டிவிட வேண்டும். முடியாவிட்டால் அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியில், துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை துடைத்து, ஆவியானதும் ஒட்டுங்கள். புது மரம் எதுவானாலும் இரண்டு வெட்டுத் துண்டை ஒட்டி, ஒரு நாள் கழித்து உளியால் பிளந்து பாருங்கள். மரம் கிழிய வேண்டும், பசைக்கோடு பளபளப்பாகப் பிரிந்து வரக்கூடாது.

மாற்றும் பட்டியலுக்குப் போகும்

மரம் தேர்ந்தெடுக்கும்போது நாளைய சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈட்டிக்கு மாற்றாகச் சிலர் சேமித்த புபிங்கா, ஈட்டியோடு அதே 2017-ல் பட்டியலில் ஏறியது. நைலான் கிட்டார் நெக்குக்குப் போகும் செட்ரெலா 2020-ல் முழுப் பேரினமாக வந்தது. ஆப்பிரிக்க மகாகனியும் அதன் பின்னால் வந்துவிட்டது. வாங்கும் ஒவ்வொரு கட்டுக்கும் அறிவியல் பெயர், பில், வாங்கிய தேதி, முனைவெட்டின் புகைப்படம் நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால், பட்டியலுக்கு முந்தைய இருப்பு என்று பின்னாளில் நிரூபிக்க முடியும். 'ரோஸ்வுட்' என்று மட்டும் எழுதிய பில்லுக்கு மதிப்பில்லை. சந்தையில் அந்தப் பெயரில் விற்கப்படுவதில் பாதி டால்பெர்ஜியாவே அல்ல.

2019 ஆகஸ்டில் ஜெனீவா மாநாடு விதியைத் தளர்த்தியது. அதே ஆண்டு நவம்பர் 26 முதல், பிரேசில் ஈட்டி தவிர்த்த டால்பெர்ஜியா மரங்களில் செய்த முடிந்த இசைக்கருவி, முடிந்த உதிரிபாகம், துணைப்பொருள் மூன்றுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றானது. பெரிய நிறுவனங்கள் மெல்லத் திரும்பின. ஃபெண்டரின் மெக்சிகோ கிட்டார்களில் 2024-ல் வந்த பிளேயர் 2 வரிசையில் ஈட்டி விரல்பலகை மறுபடி ஏறிவிட்டது. விலை குறைந்த வரிசைகளில் கருமருது அப்படியே நின்றுவிட்டது.

சிறு பட்டறைக்கு இந்தத் தளர்வு பாதிதான் உதவும். 'முடிந்த உதிரிபாகம்' என்றால் வாத்தியத்துக்கென்றே வடிவம் கொடுத்து, அப்படியே பொருத்தத் தயாராக இருப்பது. காடி போட்டு, அளவு வெட்டி, வளைவு தேய்த்த விரல்பலகையை அப்படி வாதாட முடியும். 530க்கு 75-ல் அறுத்த வெறும் துண்டு அறுப்பு மரம்தான், அதற்கு இன்றும் ஏற்றுமதி அனுமதி வேண்டும். எனவே வெளிநாட்டிலிருந்து துண்டாக வாங்கித் தானே காடி போடும் பட்டறைகள் ஈட்டிக்குத் திரும்பவில்லை. திரும்பியவை பெரும்பாலும் உள்ளூர் ஏலத்தில், வனத்துறை முத்திரையோடு மரம் எடுக்க முடிந்தவை.